சுருளிநாதன் ஓய்வு பெற்ற ஏழு வெள்ளிக்கிழமைகள்

போடிநாயக்கனூரில் இருக்கிற எங்கள் மேற்குமலை ஏலக்காய் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் சூப்பிரண்டு சுருளிநாதன், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாலையும் மரியாதையுமாக ஓய்வு பெற்று, சங்கத்து ஜீப்பில் வீட்டுக்குப் போய், சனியும் ஞாயிறும் மனைவி கையால் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை ஒன்பது முப்பத்தேழுக்கு வாய் நிறையப் பற்பசை நுரையோடு, பனியனும் கைலியுமாகத் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசல் வழியாக அவர் வரவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன் மொக்கைச்சாமி, ஒரு ஈ கூட உள்ளே போகவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். நாற்காலி காலியாக இருந்தது, அப்புறம் நாற்காலியில் சுருளிநாதன் இருந்தார், நடுவில் வேறு எதுவும் நடக்கவில்லை.

நாங்கள் என்ன செய்வோம்? எழுந்து நின்று வணக்கம் சொன்னோம். டைப்பிஸ்ட் சிங்காரம் வாய் கொப்பளிக்கச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பின்வாசல்ல நின்னு பல்லு வெளக்கிட்டு இருந்தேன்யா," என்றார் சுருளிநாதன். "துப்பலாம்னு குனிஞ்சேன். நிமிந்தா இங்கன இருக்கேன்."

"இருக்கட்டும் சார். காபி சொல்லவா?" என்றார் சிங்காரம்.

எங்களில் வணக்கம் சொல்லாத ஒரே ஆள் ஹெட் கிளார்க் அன்னக்கொடி. அந்த நாற்காலியில் அன்று உட்கார வேண்டியவர் அவர்தான். பதினோரு வருஷம் அதற்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து, சுருளிநாதன் கையெழுத்துப் போடுகிற கடிதங்களையெல்லாம் தன் கையால் எழுதிக் கொடுத்து, இவர் போனால் நான், இவர் போனால் நான் என்று பொறுத்துக் கிடந்தவர். எங்கள் சங்கத்தில் அறுபது முடிகிற அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டும், மாசக் கடைசி வரைக்கும்கூடப் பொறுக்கமாட்டார்கள். அப்படிப் பார்த்தால் அன்னக்கொடிக்கு மிச்சம் இருந்தது சரியாக ஏழு வாரம். ஏழே ஏழு வாரம் சூப்பிரண்டு. சங்கம் தொடங்கியதிலிருந்து அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அன்று அவர் மாம்பழக் கலரில் பட்டு கட்டியிருந்தார், பையில் புதுப் பேனாவும் ஒரு சின்னத் தலையணையும் கொண்டுவந்திருந்தார், ஏனென்றால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து சுருளிநாதன் அந்த நாற்காலியைத் தன் அளவுக்குக் குழியாக்கி வைத்திருந்தார். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பற்பசை நுரையைப் பார்த்துக்கொண்டே, அவர் தன் பழைய மேஜையில் போய் உட்கார்ந்தார்.

காரணம் கேட்டால் ரூபனைத்தான் கேட்க வேண்டும். ரூபன் எங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவர், நாற்பதை நெருங்குகிற ஆள், சத்தம் போட்டுப் பேசினால் மிஷின் கெட்டுவிடும் என்று நினைக்கிறவரைப்போல எப்போதும் தணிந்த குரலில் பேசுவார். பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே போடிமெட்டில் எங்கள் கிளை ஒன்று இருக்கிறது. மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் லைன் போகும், மரம் விழுந்தால் லைன் போகும், சும்மாவும் போகும். அதனால் மெயில் சர்வர் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இருக்கட்டும், ஒன்றில் இருப்பதெல்லாம் மற்றதிலும் இருக்கட்டும் என்று முடிவாகி, தை மாசத்தில் ரூபன் அதைக் கட்டி முடித்தார், நாங்களும் கீழேயே இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஒன்றைப் பஸ்ஸில் மேலே ஏற்றி அனுப்பினோம். அதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா," என்று அன்னக்கொடியிடம் ரூபன் விளக்கினார். "ஒரு பக்கம் ஒரு பெட்டி இருந்து, மறுபக்கம் இல்லைன்னு வைங்க, மிஷின் அது தொலைஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கும். தானாவே திரும்பக் கொண்டாந்து வச்சிரும்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் சுருளிநாதனின் மெயில் பெட்டியை ரூபன் கீழே நீக்கியிருந்தார். மேலே அது நீங்கவில்லை. ஆக, சுருளிநாதன் தொலைந்துவிட்டார் என்று மிஷின் நினைத்து, ஞாயிறெல்லாம் தேடி, திங்கட்கிழமை கொண்டுவந்து வைத்துவிட்டது. பெட்டியை மட்டும் வைத்திருக்கலாம். ஆனால் சுருளிநாதனையும் அவர் மெயிலையும் பிரித்துப் பார்க்க மிஷினுக்குத் தெரியவில்லை, பத்தொன்பது வருஷம் கூட இருந்த எங்களுக்கே அது தெரிந்ததில்லை.

செயலாளரிடம் போனோம். அவர் விதிப்புத்தகத்தை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படித்துவிட்டு, யாருடைய மெயில் உயிரோடு இருக்கிறதோ அவரே சூப்பிரண்டு, மெயில் இல்லாதவரை நாம் எப்படிச் சூப்பிரண்டு என்று சொல்வது, என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை முறைப்படி மறுபடி அனுப்பிவைத்துவிடலாம் என்றும் சொன்னார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை தோறும் கேசரி, மிக்சர், டீ, மாலை, சால்வை, ஜீப். திங்கட்கிழமை தோறும் சுருளிநாதன். முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருந்தது, மூன்றாவது வாரம் பழகிவிட்டது, நான்காவது வாரம் பூக்காரி பஞ்சவர்ணம் சொல்லாமலே மாலை கட்டிக் கொண்டுவந்தாள், ஐந்தாவது வாரம் ஏல மண்டிக்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு எங்கள் பிரிவு உபசாரத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சிங்காரத்தின் பேச்சு வாரத்துக்கு வாரம் மெருகேறியது. முதல் வாரம் "நல்ல மனிதர்" என்பதோடு நின்றவர், ஐந்தாவது வாரம் சுருளிநாதனின் நேர்மையைப் பற்றி அரை மணி நேரம் பேச, அவரைத் தெரியாத இரண்டு லாரி டிரைவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். சுருளிநாதனின் மனைவி ராசாமணி ஆரத்தித் தட்டைக் கழுவி வைப்பதையே விட்டுவிட்டார். வெள்ளி வந்தால் சுற்றிக் கொட்டுவார், திங்களானால் மதியச் சாப்பாட்டை எங்கள் ஆபீசுக்குக் கொடுத்துவிடுவார். "முப்பத்தஞ்சு வருசம் ஞாயித்துக்கிழம மட்டும்தான் இவுகளப் பாத்தேன்," என்று எங்களிடம் சொன்னார். "இப்ப ரெண்டு நாளு முழுசாக் கெடைக்குது. முழு வாரமும் வந்துட்டா என்ன பேசுறதுன்னு வேற யோசனையா இருக்கு."

சுருளிநாதன் பாவம், போகத்தான் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை உள்ளே பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டார். திங்கட்கிழமை கை நிறைய அரிசியோடு நாற்காலியில் இருந்தார். இன்னொரு வாரம் எட்டாத தூரத்துக்குப் போய்விடலாம் என்று ராமேஸ்வரம் போனார். அக்னி தீர்த்தத்தில் மூன்றாவது முழுக்குப் போட்டு எழுந்தபோது எங்கள் ஃபைல்களின் மேல் சொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தோளில் கடல் பாசி. அதன்பிறகு பீரோவில் அவருக்கென்று ஒரு துண்டும் உலர்ந்த வேட்டியும் எப்போதும் வைத்திருந்தோம். ஆனால் உட்கார்ந்துவிட்டால் உட்கார்ந்ததுதான். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே மெயிலைத் திறப்பார், யாருக்காவது ஒரு மெமோ அடிப்பார், மத்தியானத்துக்குள் தான் ஓய்வு பெற்றவர் என்பதையே மறந்துவிடுவார்.

ரூபன் ஒரு வாரமும் சும்மா இருக்கவில்லை. ஒயரை மாற்றினார், டப்பாவை மாற்றினார், மிஷினை அணைத்துப் போட்டார். இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை, மேலே ஏழு நிமிஷம் மெதுவாக ஓடுகிறது, வினையே அதுதான் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார். அந்தத் திங்கட்கிழமை சுருளிநாதன் ஒன்பது முப்பத்தேழுக்கு வராமல் ஒன்பது முப்பதுக்கே வந்தார். நல்ல முன்னேற்றம் என்று செயலாளர் பாராட்டினார். நான்காவது வாரம் ரூபன், எல்லாவற்றையும் அடியிலிருந்து மறுபடி ஒத்துப்பார்க்கும்படி மிஷினுக்குச் சொல்ல, அன்று இரண்டு சுருளிநாதன்கள் வந்தார்கள், ஒருவர் மடியில் ஒருவராக. நான்தான் அசல் என்று இருவரும் சொன்னார்கள், கேட்காமல் என் நாற்காலியில் உட்கார்ந்தது ஏன் என்று ஒருவருக்கொருவர் மெமோ கொடுத்தார்கள், இருவரும் விளக்கம் எழுதி ஒருவர் விளக்கத்தை மற்றவர் நிராகரித்தார்கள். ஐந்து மணிக்கு ரூபன் ஒரு பொத்தானை அழுத்த, ஒருவர் ஆனார்கள். எந்த ஒருவர் என்று நாங்கள் கேட்கவில்லை.

தப்பு மிஷினில் இல்லை, நம் வாயில்தான் இருக்கிறது என்றார் சிங்காரம். வாராவாரம் மாலை போட்டுவிட்டு "போயிட்டு வாங்க சார்" என்று எல்லோரும் சொன்னால் மனுஷன் வராமல் என்ன செய்வார்? சரி, இந்த வாரம் "போங்க" என்று மட்டும் சொல்வது என்று பேசி வைத்தோம். கழுத்தில் மாலையோடு நிற்கிற மனிதரைப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் மொக்கைச்சாமி சல்யூட் அடித்து "போங்க சார்" என்றார், சொன்ன வாயை மூடுவதற்குள் அழுது அவர் காலிலேயே விழுந்துவிட்டார். அவ்வளவு கஷ்டப்பட்டும் திங்கட்கிழமை ஒன்பது முப்பதுக்குச் சுருளிநாதன் வந்தார்.

இத்தனைக்கும் நடுவில் அன்னக்கொடி காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருந்தார். ஏழு வாரம் ஆறு ஆயிற்று, ஐந்து ஆயிற்று, நாலு ஆயிற்று. எங்களுக்கு வெள்ளிக்கிழமை கேசரி, அவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு வாரம் போயிற்று. அதை நாங்கள் பார்க்காதவர்களைப்போல இருந்தோம். வெட்கக்கேடுதான், வேறு என்ன சொல்ல.

ஏழாவது திங்கட்கிழமையும் சுருளிநாதன் வந்து உட்கார்ந்தார். அந்த வெள்ளிக்கிழமை அன்னக்கொடிக்கு அறுபது. புதன்கிழமை மத்தியானம் அவர் ரூபனின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மிஷின் ஒனக்கு என்னதான் சொல்லுது, எனக்குப் படிச்சுக் காட்டு," என்றார்.

ரூபன் திரையில் ஓடிய வரிகளைப் படித்தார். ஏழு வாரமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே வரிதான். "மறுமுனை சம்மதிக்கவில்லை."

"மறுமுனைன்னா?"

"மேல இருக்க சர்வர்தான்க்கா. மஞ்சுல லைன் விட்டுப்போயிருக்கும், அதான் அப்புடிச் சொல்லுது."

"லைன் இல்லேன்னா லைன் இல்லேன்னுதான சொல்லணும்? மிஷினுக்குச் சம்மதம் ஏது, சம்மதமில்லாம ஏது? மேட்டுல ஆளு யாரு இருக்கா?"

ரூபன் சிங்காரத்தைப் பார்த்தார், சிங்காரம் எங்களைப் பார்த்தார், நாங்கள் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தோம். மேட்டில் கிளை இருக்கிறது என்று தெரியும், சர்வர் இருக்கிறது என்று தெரியும். ஆள்?

"பவுன்ராசுன்னு ஒருத்தர் இருப்பாரும்மா," என்றார் வாசலிலிருந்து மொக்கைச்சாமி. "பத்தொம்பது வருசத்துக்கு முன்னாடி ஏத்தி விட்டோம். எறங்குன மாதிரி ஞாபகமில்ல."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அன்னக்கொடி மேட்டுக்குப் போனார். ரூபனையும் கூட்டிக்கொண்டு போனார், அங்கே நடந்ததெல்லாம் ரூபன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கிளை என்பது ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு ஸ்டவ், சந்தனம் காய்ந்துபோன சர்வர், காதை மூடிக் குல்லா போட்ட பவுன்ராசு. ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு மனிதர்களைச் சேர்ந்தாற்போலப் பார்த்ததில் பவுன்ராசுவுக்குக் கை ஓடவில்லை. பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் உட்காராமல் நின்றார்.

"ஞாயித்துக்கிழம மிஷின் ஒங்ககிட்ட எதுவும் கேக்குதா?" என்றார் அன்னக்கொடி.

"கேக்கும் மேடம். சுருளிநாதன் சார் பெட்டி கீழ இல்ல, இங்கயும் நீக்கிரவான்னு கேக்கும். யாரோ தெரியாம அழிச்சுட்டாக போலன்னு, வேண்டாம்னு அமுக்கிருவேன். நான் இருக்கப்போயிதான் சாரு பெட்டி பொழைச்சுக் கெடக்கு," என்றார் பவுன்ராசு பெருமையாக.

"அவரு ரிட்டயர்டு ஆயி ஏழு வாரமாச்சு."

பவுன்ராசு குல்லாவைக் கழற்றினார். "எனக்கு யாரும் சொல்லலையே மேடம். ஒரு சர்க்குலர்கூட வரலையே."

உண்மைதான். ஏழு தடவை விழா எடுத்தோம், லாரி டிரைவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தோம், பவுன்ராசுவுக்கு ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

"இப்பத் தெரிஞ்சுருச்சுல்ல? சரின்னு அமுக்கிருங்க."

பவுன்ராசு மேஜை டிராயரை இழுத்து, ஒரு தடிமனான ஃபைலை எடுத்து முன்னால் வைத்தார். சுருளிநாதன் அவருக்கு அனுப்பிய மெமோக்கள், நானூற்றுப் பதினாறு, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஓட்டை போட்டுக் கோத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவர் எழுதிய விளக்கம். கிளையின் கடிகாரம் ஏழு நிமிஷம் மெதுவாக ஓடுவது ஏன்? கிளைக்குள் மஞ்சு வருவதைத் தடுக்காதது ஏன்? போன வாரம் வந்த கடைசி மெமோ, பிழை இல்லாமல் விளக்கம் எழுதுவது ஏன், யாரிடம் கேட்டு எழுதுகிறீர்?

"திட்டுத்தான் மேடம். ஆனா இந்த ரூம்புக்கு வர்ற மெயிலு இது ஒண்ணுதான்," என்றார் பவுன்ராசு. "சாரு போயிட்டா, மேட்டுல பவுன்ராசுன்னு ஒருத்தன் இருக்கான்னு கீழ யாருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தாலும் நான் அமுக்கிருக்க மாட்டேன். இப்பவும் அமுக்க மனசு வரல."

அன்னக்கொடி கோபப்பட்டுக் கத்துவார் என்று ரூபன் எதிர்பார்த்தாராம். கத்தியிருந்தால் நியாயம்தான், அன்றையும் சேர்த்து ஆறு வாரமும் நாலு நாளும் இந்த ஒரு விரலால் போயிருக்கிறது. அன்னக்கொடி அந்த ஃபைலை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினார். அதிலிருந்த பாதி மெமோவைச் சுருளிநாதன் சொல்லச் சொல்ல எழுதியது அவர்தான். எழுதும்போது அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருந்து படிப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பிறகு பையைத் திறந்து, ஏழு வாரமாக மூடி திறக்காத புதுப் பேனாவை எடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் மெமோ எழுதினார்.

"ஏலக்காய்ச் சங்கத்தின் கிளைக்கு வந்த மேலதிகாரிக்கு, ஏலக்காய் போடாமல் கட்டஞ்சாயா கொடுத்தது ஏன் என்பதற்குத் தாங்கள் விளக்கம் அளிக்க வேண்டும். க. அன்னக்கொடி, சூப்பிரண்டு."

பவுன்ராசு அதை வாங்கி நின்றபடியே இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இது பெரிய மெமோ மேடம்," என்றார். "சுருளிநாதன் சாரு இந்த மாதிரி ஆழமா ஒண்ணுகூடக் குடுத்ததில்ல. இதுக்கு வெளக்கம் எழுத நாளாகும்." அப்புறம் அடியில் பார்த்துவிட்டுத் தயங்கினார். "ஆனா நீங்க இன்னும் சூப்பிரண்டு ஆகலையே?"

"நீங்க அமுக்குனா ஆயிருவேன்."

ரூபன் அங்கிருந்தே கீழே இருந்த பெட்டியை நீக்க, மிஷின் மறுபடி கேட்க, பவுன்ராசு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார்.

கீழே எங்களுக்கு மணி பதினொன்றே முக்கால். சுருளிநாதன் சிங்காரத்திடம் ஒரு கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார், "ஆகையால்" என்றார், அத்தோடு நாற்காலி காலி. ஐந்து நிமிஷத்தில் ராசாமணி போன் செய்தார். "இவுக வந்து சேந்துட்டாக. கையில ஒரு பேனா இருக்கு, ஆபீசு பேனாவா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை அன்னக்கொடி எங்கள் சூப்பிரண்டாக இருந்தார், காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை. தலையணையைக் குழியில் வைத்து உட்கார்ந்து பதினான்கு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், ஒவ்வொரு கையெழுத்தையும் முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, எழுந்தால் இடம் போய்விடுமோ என்ற பயம் அந்த மனுஷிக்கு. சாயங்காலம் அவருக்குப் பிரிவு உபசாரம். எங்களிடம் இருந்த நல்ல பேச்சையெல்லாம் ஏழு வாரத்தில் சுருளிநாதனுக்கே செலவழித்துவிட்டிருந்தோம். சிங்காரம் மைக்கைப் பிடித்ததும் பழக்கதோஷத்தில் "சுருளிநாதன் சார் அவர்கள்" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்னக்கொடி சிரித்தார். மாலையை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார், வளைவு திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. மேலே சம்மதிக்க ஆள் இருப்பது இப்போது தெரியுமாதலால், ஐந்து மணிக்கு ரூபன் அவர் பெட்டியைத் தைரியமாக நீக்கினார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது முப்பதுக்கு, சிக்கெடுத்துப் பின்னாத தலையும், மடியில் ஒரு முறமும், முறம் நிறைய ஆய்ந்து முடிக்காத முருங்கைக்கீரையுமாக, அன்னக்கொடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கீரைக் காம்பு இருந்தது. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் எங்களைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார், கீழே குழியில் தலையணை இல்லாததைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"என்ன பாக்குறீக?" என்றார். "மெயில் என்ன வந்திருக்குன்னு பாருங்க."

ரூபன் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது, மேட்டிலிருந்து.

"மதிப்பிற்குரிய சூப்பிரண்டு மேடம் அவர்களுக்கு. ஏலக்காய் மெமோவுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை. விளக்கம் பாக்கி இருக்கும்போது மெமோ கொடுத்த அதிகாரியை அனுப்புவது முறையில்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை மிஷின் கேட்டதற்கு வேண்டாம் என்று அமுக்கிவிட்டேன். தவறு இருந்தால் அதற்கும் மெமோ தரவும். பணிவுடன், பவுன்ராசு."

அன்னக்கொடி அதை ஒரு தடவை படிக்கச் சொன்னார், இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிங்காரம் வெளிப்படையாகவே மூக்கைச் சிந்தினார். பிறகு அன்னக்கொடி முறத்தை மேஜை மேல் வைத்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, தானே பதில் அடித்தார்.

"விளக்கத்துக்கு அவசரமில்லை. ஆறு வாரமும் நாலு நாளும் கழித்து அனுப்பினால் போதும்."